பேயா, சர்க்கரைக் குறைவா?

காலையில் நன்றாயிருந்த ஒருவர் மத்தியானம் திடீரென்று உளறுகிறார், பெற்ற மகனையே "நீ யார்?" என்கிறார். உடனே "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்கச் சொல்லுகிறோம். நான் கேட்கிறேன்: நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொண்டு அவர் பட்டினி கிடந்தாரா என்று எவராவது விசாரித்தீர்களா?

மூளைக்கு முக்கிய ஆகாரம் இரத்தத்திலுள்ள சர்க்கரை. 100 மில்லி இரத்தத்தில் அது 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம். இன்னும் இறங்கினால் உளறல், வலிப்பு, மயக்கம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் கருவி சில விநாடியில் சொல்லிவிடும். விழுங்கக் கூடியவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 வண்டியைக் கூப்பிடுங்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏறினதும் அநேகமாய்ச் சில நிமிஷத்தில் அந்தப் "பேய்" ஓடிப்போகும்!

சர்க்கரை சரியாயிருந்தால் அப்போதாவது பேய்தானா? அல்ல. தலையடி, மூளைக்காய்ச்சல், விஷம், பக்கவாதம் எதுவாயுமிருக்கலாம். அடைப்பினால் வந்த பக்கவாதமானால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அந்த நேரத்தையல்லவா உடுக்கையடித்துத் தொலைக்கிறோம்?

ஆகையால் தோழர்களே! எப்போது முதல் இப்படி? என்ன மருந்து சாப்பிட்டார்? எங்காவது விழுந்தாரா? இம்மூன்றையும் கேட்டு, பதிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூசாரிக்குக் காத்திருந்தால் உயிர் காத்திராது.