யார் நட்ட வேர்கள்?



ஆங்கிலச் சொல்வளத்தில் கிரேக்க, லத்தீன் வேர்கள் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். எடுத்துக்கொண்ட பொருளைப் புகழ்ந்து தொடங்குவது தலைமை உரையின் மரபு. நான் ஒரு புகாரோடு தொடங்குகிறேன். நம் நாட்டில் இந்தப் பொருள் பெரும்பாலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களின் கையில் இருக்கிறது. நார்மன் லூயிஸ் 1949இல் வெளியிட்ட ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இல்லாத நடைபாதைப் புத்தகக் கடை அரிது. நல்ல புத்தகம்தான். ஆனால் வேர்ப்பட்டியலை மட்டும் உருப்போட்டு வரும் மாணவர், எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறார்.

‘பெட்’ என்றால் கால். ஆகவே ‘பெடஸ்ட்ரியன்’ நடந்து போகிறவர். சரி. அடுத்து ‘பீடியாட்ரிக்ஸ்’ வந்ததும் கால் மருத்துவம் என்று எழுதிவிடுவார். முன்னது லத்தீன் கால், பின்னது கிரேக்கக் குழந்தை. ‘ஹோமோ’வும் அப்படியே. லத்தீனில் மனிதன், கிரேக்கத்தில் ‘ஒரே’. ‘இன்’ என்ற முன்னொட்டோ லத்தீனுக்குள்ளேயே இரு வேடம் போடும். ‘இல்லை’ என்றும் பொருள், ‘உள்ளே’ என்றும் பொருள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதைத் தீப்பற்றாதது என்று மக்கள் படித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்ற சொல்லை வலியுறுத்தியது. அரைகுறை வேரறிவு உயிருக்கே உலையாகலாம் என்று அந்தச் சங்கம் கருதியது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேர்களில் மிகப் பல ஆங்கில மண்ணில் தாமாக ஊன்றியவை அல்ல. மேசையில் உட்கார்ந்து யோசித்து நட்டவை. நட்டவர் யார், எதற்காக நட்டார், அப்போது தடுத்தவர் யார் என்று கேட்காத வேர் ஆய்வு பாதி ஆய்வுதான்.

தாமாக வந்தவையும் உண்டு. ‘ஸ்ட்ரீட்’, ‘வால்’, ‘ஒயின்’, ‘சீஸ்’ ஆகியவை ரோமானியரோடு பழகிய ஜெர்மானியக் குடிகள் பிரிட்டனுக்குக் குடிபெயரும் முன்பே பேச்சில் சேர்த்துக்கொண்ட லத்தீன் சொற்கள். 597இல் கிறித்தவத்தைப் பரப்ப அகஸ்டின் என்ற துறவி கென்ட் நாட்டுக்கு வந்தபின் சமயச் சொற்கள் பெருகின. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சு வழியாகப் பெருவெள்ளம். கொட்டிலில் ‘கௌ’, தட்டில் ‘பீஃப்’ என்ற கதையை எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள். அதைக் கடந்துவிடுகிறேன்.

நின்று பார்க்க வேண்டியது 16ஆம் நூற்றாண்டு. கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவர முனைந்தவர்கள் சொல் பற்றாமல் மூலத்திலிருந்தே அள்ளிக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் அவற்றுக்கு ‘இங்க்ஹார்ன்’ சொற்கள் என்று பெயரிட்டார்கள். மை வைத்திருக்கும் கொம்பு அது; வீண் பண்டிதத்தனத்தின் அடையாளம் என்பது ஏளனம். தாமஸ் வில்சன் 1553இல் தம் சொல்லணி நூலில் இத்தகைய சொற்களாலேயே நிரப்பிய ஒரு கேலிக் கடிதத்தை அச்சிட்டார்.

எதிர்ப்பாளர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜான் சீக். அவர் கிரேக்கம் அறியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1540இல் கேம்பிரிட்ஜில் கிரேக்கத்துக்கான முதல் அரசப் பேராசிரியராக அமர்ந்தவரே அவர்தான். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கும்போது ‘ரெசரக்ஷன்’ வேண்டாம், ‘கெய்ன்ரைசிங்’ போதும் என்றார். நூற்றுவர் தலைவனாகிய ‘செஞ்சூரியன்’ அவர் கையில் ‘ஹண்ட்ரடர்’ ஆனான். அந்த மொழிபெயர்ப்பு 1843 வரை அச்சேறவில்லை. நம் மொழி பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று 1557இல் மொழிபெயர்ப்பாளர் தாமஸ் ஹோபிக்குக் கடிதம் எழுதினார். அதில் தூய்மைக்கு அவர் ஆண்ட ‘ப்யூர்’ என்ற சொல்லே லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது! தனித்தமிழ் விவாதங்களில் பழகிய நம் காதுக்கு இது புதிதல்ல. ரால்ஃப் லீவர் 1573இல் தருக்க நூல் ஒன்றை எழுதி, தருக்கத்துக்கு ‘விட்கிராஃப்ட்’, முடிவுரைக்கு ‘எண்ட்சே’ என்று சொல் படைத்தார். என்ன அழகான சொற்கள்! எதுவும் நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? கிரேக்கத்தின் தொகைச்சொல் ஆற்றல்தான் காரணம் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆங்கிலமும் தொகைச்சொல் கட்ட வல்லதே. உண்மைக் காரணம் வேறு. படித்தவர்கள் அனைவரும் லத்தீனில் படித்தவர்கள். ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதியதும், நியூட்டன் 1687இல் ‘பிரின்சிபியா’வை எழுதியதும் லத்தீனில். அவர்களுக்குள் சொல் ஏற்கெனவே புழங்கியது. புரியாமல் திண்டாடியவர்கள் வெளியே நின்றவர்கள். 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில அகராதி ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறது. பெண்களுக்கும் புலமை வாய்க்காத பிறருக்கும் உதவவே இது என்று தலைப்புப் பக்கமே அறிவிக்கிறது. தன் தாய்மொழியே புரியாத ஆங்கிலேயருக்காகத்தான் முதல் ஆங்கில அகராதி பிறந்தது.

இதே காட்சியை 19ஆம் நூற்றாண்டில் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். மின்பகுப்பில் தாம் கண்டவற்றுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்கு எழுதிக் கேட்டார். 1834இல் ‘ஆனோடு’, ‘கேத்தோடு’, ‘அயன்’ பிறந்தன. கிரேக்கத்தில் இவற்றுக்கு முறையே மேல்வழி, கீழ்வழி, செல்வது என்று பொருள். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயரிடும் உரிமை படைத்தவர் வேறொருவர். ஹ்யூவெல் அதே காலத்தில் ‘சயன்டிஸ்ட்’ என்ற சொல்லையும் ஆக்கினார். லத்தீன் அடிக்குக் கிரேக்க வால்!

வேர் உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆக்ஸிஜன் நல்ல மருந்து. கிரேக்கத்தில் அது ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’. எல்லா அமிலத்துக்கும் அந்த வாயுவே அடிப்படை என்று அதற்குப் பெயரிட்ட வேதியியலாளர் லவாய்சியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பதை 1810இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். கொள்கை போயிற்று, பெயர் நின்றது. ஜெர்மானியர் அதை ‘சாவர்ஸ்டாஃப்’, அதாவது புளிப்புப் பொருள் என்று தம் மொழியில் பெயர்த்தார்கள். அங்கே பிழை குழந்தைக்கும் தெரிகிறது. ஆங்கிலத்தில் கிரேக்கத் திரை பிழையை மறைத்துவிட்டது. நம் ‘பிராணவாயு’ மூச்சைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தது.

இந்தத் திரையின் விலை என்ன? வாய் ‘மவுத்’, வாய் சார்ந்தது ‘ஓரல்’. பல் ‘டூத்’, பல் சார்ந்தது ‘டென்டல்’. ஞாயிறு ‘சன்’, அதன் ஆற்றல் ‘சோலார்’. வீட்டில் பேசும் சொல்லிலிருந்து பள்ளிச் சொல்லுக்கு ஏற வழியே இல்லை. டேவிட் கார்சன் 1985இல் ‘தி லெக்சிகல் பார்’ நூலில் இதைச் சமூகத் தடையாகவே வாதிட்டார். புத்தகம் புழங்காத வீட்டுப் பிள்ளை கிரேக்க, லத்தீன் சொற்களின் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். அதை முழுதும் ஏற்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ‘டைனோசர்’ என்பதை ஐந்து வயதுக் குழந்தை தடையின்றிச் சொல்கிறது. 1842இல் ரிச்சர்ட் ஓவன் கட்டிய கிரேக்கச் சொல் அது. ஆர்வம் இருக்குமிடத்தில் தடை எங்கே போகிறது என்பதும் ஆய்வுக்குரியது. இன்னொரு கேள்வியும் உண்டு. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் லத்தீன் தெரிந்தால்தான் நுழைவு என்ற விதியை 1960இல் கைவிட்டன. லத்தீன் அறியாதவர்களும் அதன்பின் லத்தீன் அடிகளைக் கொண்டே சொல் ஆக்கி வருகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்றும் யாரேனும் பேசுங்கள்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். திரையில் ஒரு வேரைக் காட்டும்போது அந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவான ஆண்டையும், தெரிந்தால் ஆக்கியவர் பெயரையும் பக்கத்திலேயே காட்டுங்கள். ஆண்டு இல்லாத வேரைப் பார்த்தால் நான் கையை உயர்த்துவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மருத்துவச் சொற்கள் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்கட்டும்.