‘நாளைக்கு’ என்னும் நோய்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செய்யவேண்டிய காரியத்தை ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று ஒத்திப்போடும் வழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன்.

ஒத்திப்போடுதல் வேறு, பொறுத்திருத்தல் வேறு. மழையைப் பார்த்து விதைப்பைத் தாமதிக்கும் கமக்காரனை யாரும் குறைகூறுவதில்லை. மழை பெய்து, நிலத்தின் ஈரம் காயத் தொடங்கிய பின்னும் ‘நாளைக்கு உழுவோம்’ என்பவனையே குறைகூறுகின்றோம். திருவள்ளுவரும் தாமதித்துச் செய்யத்தக்கவற்றைத் தாமதித்தே செய்யலாம் என்று வினைசெயல்வகையிற் கூறினார். ஆனால் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுகின்றவர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கை எண்ணும்போது, காலம் நீட்டித்தலையே முதலில் வைத்தார். மறதியும் சோம்பலும் உறக்கமும் அதன் பின்னரே வருகின்றன.

ஒத்திப்போடுபவனை உலகம் சோம்பேறி என்கிறது. ஆனால் கணக்குப் பாடத்தை ஒத்திப்போடும் மாணவனைப் பாருங்கள். அவன் மேசையைத் துடைக்கிறான். கொப்பிகளுக்கு உறை போடுகிறான். கடைக்குப் போகவும் ஆயத்தமாயிருக்கிறான். அவன் வேலைக்கு அஞ்சியவன் அல்லன். அந்த ஒரு வேலை மனத்தில் எழுப்பும் கலக்கத்துக்கே அஞ்சுகிறான். உளவியலாளர்களான பியூசியா சிறோய், ரிமோதி பிச்சில் இருவரும் 2013 இல் இதனை விளக்கினர். வேலையைத் தள்ளிவைத்ததும் மனம் சற்று ஆறுகிறது. அந்த ஆறுதலே மறுமுறையும் தள்ளிவைக்கத் தூண்டுகிறது. கடனோ நாளைய நம் தலையில் ஏறுகிறது.

இதன் நட்டம் பரீட்சையோடு முடிவதன்று. ஏட்டுச் சுவடி பழுதுபடுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் மரபு. அது கடினமான வேலை. ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று விட்ட வீடுகள் பல. நூலை அழிக்க ஒருவரும் நினைக்கவில்லை. ஆயினும் கறையான் தன் வேலையை ஒத்திப்போடவில்லை.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இந்த அழிவைக் கண்டு வருந்தியவர். அரசாங்க உத்தியோகமும் நியாயவாதித் தொழிலும் பார்த்த அவருக்கு, ‘நேரமில்லை’ என்று சொல்ல நியாயம் இருந்தது. அவரோ உத்தியோகக் காலத்திலேயே, 1868 இல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். 1881 இல் வீரசோழியம், 1885 இல் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்தப் பழி எரித்தவருக்கே உரியது. ஆயினும் அச்சேறிய நூல்களுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. பிரதி எடுக்கப்படாத ஏடுகளோ அன்றோடு இல்லையாயின.

இந்நோய்க்குப் பரிகாரம் யாது? முதலாவது, வேலை முழுவதையும் நினைந்து மலையாதீர்கள். தொடக்கத்தை மட்டும் சிறிதாக்குங்கள். இரண்டாவது, ‘படிப்பேன்’ என்று பொதுவாகத் தீர்மானியாமல், ‘மாலை விளக்கேற்றியதும், முன்விறாந்தை மேசையில், மூன்று கணக்குகள்’ என்று வேளையும் இடமும் குறியுங்கள். இவ்வாறு குறித்த தீர்மானமே செயலாவது எளிது என 1999 இல் ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் எழுதினார். கைத்தொலைபேசி அவ்வேளையில் அடுத்த அறையில் இருக்கட்டும்.

மூன்றாவது, தவறிய நாளுக்காக உங்களை நீங்களே வைதுகொண்டிராதீர்கள். கனடாவில் முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்த கட்டுரையொன்று 2010 இல் வெளிவந்தது. முதற் பரீட்சைக்குப் படிக்காமல் ஒத்திப்போட்டதற்குத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே ஒத்திப்போட்டனர். வசவு வேலையை இன்னும் கசப்பாக்கும். கசந்ததை விட்டு மனம் மீண்டும் ஓடும்.

நண்பர்களே! ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் பெயர்த்தெழுதாத ஏடு ஒன்று உண்டு. பாட்டி அறிந்த தாலாட்டும், கைமருந்தும், ஊர்க் குளம் வெட்டிய கதையும் அவர் நெஞ்சில் மாத்திரமே இருக்கின்றன. அவற்றைக் கேட்டெழுத வேண்டும் என்று நாம் எல்லோரும் எண்ணியிருக்கின்றோம். இன்றிரவு உணவுக்குப் பின் அவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரேயொரு கேள்வி கேளுங்கள்; விடையைக் கொப்பியில் எழுதி, திகதியும் இடுங்கள்.