பரிசு விழுந்தா என்ன பண்ணுவீங்க?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னைச் சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பரிசுக் கனவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சோப்பு உறை, டீத்தூள் அட்டையைக் கத்தரிச்சு, ஒரு வரி எழுதித் தபாலில் போட்டா டிவி, தங்கக் காசு பரிசுன்னு விளம்பரம் வரும், ஞாபகம் இருக்கா? போட்டிக்குன்னே தபால் துறையில் தனி அஞ்சலட்டை கூட வந்தது. சாதாரண அட்டை 50 காசு. அது 10 ரூபாய். எங்க அம்மா உறைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி சேர்த்து வைப்பாங்க. தபாலில் போட்டதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். "டிவியை வித்துட்டு ஓடு மாத்திரலாமா? அடகில் இருக்கிற தோட்டை மீட்டுரலாமா?" பரிசு ஒரு தடவையும் வரல. ஆனா அந்த நாட்களில் அம்மா முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதனால் கனவு காண்பவரை நான் கேலி செய்ய மாட்டேன்.

கனவை வைத்துக் காசு பார்ப்பவர்களைத்தான் கவனிக்கணும். அப்போ பத்திரிகையில் ஒன்பது கட்டம் போட்டு, எப்படிக் கூட்டினாலும் 15 வரணும்பாங்க. எழுதிப் போட்டா, "நீங்க ஜெயிச்சுட்டீங்க, ரேடியோவைப் பெற இவ்வளவு பணம் கட்டுங்க" என்று கடிதம் வரும். 2003-ல் நம் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தாங்க. இப்போ அதே ஆசை போனில் வருது.

போன வருஷம் எங்க குழுவில் ஒரு அக்கா அவசரமா 12,000 ரூபாய் கடன் கேட்டாங்க. காரணம் மருத்துவம்னு சொன்னாங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போகும்போது அழுதுட்டாங்க. 25 லட்சம் பரிசு விழுந்திருக்கு, முன்கூட்டியே வரி கட்டணும்னு போன் வந்ததாம். மகளை நர்சிங் படிக்க வைக்க அதை நம்பியிருந்தாங்க. யாரும் சிரிக்கல. அந்தக் கடனைக் கொடுக்கல. அந்தப் பொண்ணோட கட்டணம் எவ்வளவு, எப்போ கட்டணும்னு மட்டும் கேட்டோம். முதல் தவணைக்குக் குழு நிதியிலிருந்து கடன் கொடுத்தோம். பொண்ணு இப்போ முதல் வருஷம் படிக்கிறா.

தெரிஞ்சு வைக்க வேண்டியது மூணு. ஒண்ணு, நாம கலந்துக்காத போட்டியில் நமக்குப் பரிசு விழாது. ரெண்டு, பணப் பரிசு 10,000 ரூபாய்க்கு மேல் போனா 30 சதவீதம் வரி உண்டு; ஆனா கொடுக்கிறவங்களே அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியைக் கொடுக்கணும். முன்பணம் கேட்டா அது ஏமாத்து. மூணு, பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு ஒளிக்காதீங்க. உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, வங்கிக்கும் சொல்லுங்க.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எங்க குழுவில் ஒரு பழக்கம் வச்சிருக்கோம். வருஷத்துக்கு ஒரு கூட்டத்தில், "ஒரு லட்சம் பரிசு விழுந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்போம். யாரும் கார் கேட்கல. தையல் மெஷினுக்கு மோட்டார், குளியலறைக்குக் கதவு, அடகு நகை, ஒரு கறவை மாடு. எழுதிக் கூட்டினா, பாதிக்கு மேல் 15,000 ரூபாய்க்குள்ள முடியுற விஷயம்! அதையே வரிசைப்படுத்தி எங்க கடன் திட்டமா எழுதினோம். மோட்டார் வந்தாச்சு. கதவு போட்டாச்சு. மாட்டுக்கு வங்கிக் கடன் கேட்டிருக்கோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்க. வாய்விட்டுச் சொல்ற ஆசைக்குத்தான் குழு துணை நிற்க முடியும். மனசுக்குள்ளேயே வச்சிருந்தா, அது போனில் வர்ற எவனோ ஒருத்தனுக்குத்தான் உதவும்.