உப்புக் காற்றும் யப்பானியக் கத்தியும்



திருகோணமலையில் யப்பான் என்றதும், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த விமானங்களைப் பற்றிப் பெரியோர் சொன்ன கதைகளே முன்னர் நினைவுக்கு வரும். இன்றோ அந்நாட்டுக் கத்தி நம் அடுக்களைக்குள் புகுந்துவிட்டது. வாங்குவோர் பலர், அதன் இயல்பறிந்து ஆள்வோர் சிலரே.

நானும் அறியாமலே தொடங்கினேன். உறவினர் ஒருவர் அன்பளித்த கத்தியால் பாரை மீனின் தலையை ஓங்கி வெட்டினேன். தலை பிளந்தது, கத்தியின் வாயிலும் பிறைபோல் ஒரு துண்டு பெயர்ந்தது. குறை கத்தியினுடையதன்று, என்னுடையதே.

நம் கம்மாலையில் அடித்த கத்தியின் உருக்கு சற்று மென்மையானது. எலும்பில் பட்டால் வாய் மடங்கும்; தீட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். யப்பானியக் கத்தியின் உருக்கோ மிகக் கடியது. ஆதலின் அதனை மெல்லிய வாயாகத் தீட்டலாம். கூர்மையும் நெடுநாள் நிற்கும். ஆனால் கடியது வளையாது, உடையும்.

ஆகவே, வேலையறிந்து கத்தியைத் தெரிக. காய்கறி, மீன்சதை, எலும்பில்லா இறைச்சி ஆகியவற்றுக்குச் ‘சந்தோக்கு’ ஒன்றே போதும். மீனைத் துண்டாடத் தடித்த முதுகுடைய ‘தேபா’ உண்டு. அது பெரும்பாலும் ஒருபுறமே சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். இடக்கையர் தமக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். தேங்காய் உடைக்கவும் பெரிய எலும்பு வெட்டவும் நம் பழைய கத்தியே தகும்.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. கடற்காற்றில் உப்பு கலந்திருக்கிறது. துருத்தடுப்புக் கலவாத கரிம உருக்குக் கத்தி, புளியும் தேசிக்காய்ச் சாறும் பட்டால் கறுக்கும்; ஈரத்தோடு விட்டால் விரைவில் செந்துரு ஏறும். வெட்டியவுடன் துடைக்கும் வழக்கமில்லாதார், துருவேறா உருக்கில் செய்ததையே வாங்குக. அதுவும் உப்புநீரில் ஊறினால் புள்ளி விழும். கையால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, உறையிலிட்டு வையுங்கள். வெட்டும்போது பலகை மரமாக இருக்கட்டும். கல்லும் கண்ணாடியும் வாயைக் கெடுக்கும்.

தீட்டுவதற்குப் பொறி பறக்கும் சாணைச்சக்கரம் ஆகாது. அதன் வெப்பம் உருக்கின் பதத்தைப் போக்கிவிடும். நீரில் நனைத்த 1000 எண் கல்லில், இருபுறமும் தீட்டிய கத்தியாயின், ஏறத்தாழ 15 பாகைச் சரிவில் பொறுமையாகத் தேயுங்கள். எதிர்ப்புறத்தில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்பட்டால், மறுபுறத்தையும் அவ்வாறே தேய்த்து, 3000 எண் கல்லில் முடியுங்கள். மழுங்கிய கத்தியே வழுக்கிக் கையைக் காயப்படுத்தும். கூரிய கத்தி, கவனமுடையார் கைக்கு அடங்கும்.

வாய் பெயர்ந்த என் கத்தியைப் பருங்கல்லில் பல மாலைகள் தேய்த்தேன். அகலம் சற்றுக் குறைந்தாலும் அது இன்றும் உழைக்கிறது. பாரை மீன் தலைக்கு மட்டும் அதனை நான் எடுப்பதில்லை.