தாயும் சேயும் நலம் பெற
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மருத்துவர் பேச வேண்டிய பொருளை இரயில்வே எழுத்தர் ஒருவர் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான வினாவே. நான் பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தியவன், மருத்துவம் பயின்றவனல்லன். எனினும், மருத்துவர் கூறியவற்றைத் தமிழில் எடுத்து வீடுதோறும் சேர்ப்பிக்க ஓர் எழுத்தன் போதும் என்னும் துணிவினால் இம்மேடை ஏறினேன். நான் சொல்வன பொதுவான செய்திகள். அவரவர் உடல்நிலைக்கு ஏற்ற மருந்தை மருத்துவரே உரைத்தல் வேண்டும்.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை வகுத்தனர். அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. தாலாட்டும் முத்தமும் அதற்குப் பின்னரே வருகின்றன. முதலிற் காத்தல், பிறகு சீராட்டுதல் என்பதே நம் முன்னோர் கண்ட முறை. இன்றோ, காப்பதற்கு முன்பே கடைக்குச் சென்றுவிடுகின்றோம். பிள்ளை பிறக்குமுன் தொட்டிலும் பொம்மையும் வந்துவிடுகின்றன. தாயின் குருதியைச் சோதித்த சீட்டு மட்டும் வருவதில்லை. இம்முறை மாற வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை முதலிய இடங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் இப்பொம்மனஹள்ளியில் பல. ஓசூர்ச் சாலையின் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்மக்கள் காலை முதல் மாலை வரை உழைக்கின்றனர். ஊரில் ஒரு பெண் கருவுற்றால் தாயும் பாட்டியும் அத்தையும் சூழ்ந்து நிற்பர். இங்கோ, ஓர் அறை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டுமே. தாய்வீடு தொலைவில் இருக்கிறது. ஆகவே, அத்தாய்வீட்டின் கடமையைக் கணவனும், அண்டை வீட்டாரும், இச்சங்கமும் ஏற்றல் வேண்டும்.

உழைக்கும் பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட ஒரு பேருண்மை நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூலாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கடுமையான சோகை நோயால் வாடினர். நம் நீலகிரியின் குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ள கோஷா மருத்துவமனையிலும் கூட அவ்வம்மையார் பணி புரிந்தார். எலிகளுக்கும் குரங்குகளுக்கும் பலவகை உணவளித்துச் சோதித்தார். இறுதியில், மார்மைட் என்னும் மலிவான நொதிச் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து இன்னதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1941-இல் பசலை இனக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். விலையுயர்ந்த மருந்தில் அன்று. கீரையில் இருந்தது உயிர்காக்கும் பொருள்!

அச்சோகை இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டிற் கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினர்க்குச் சோகை உண்டு. இரண்டு பேரில் ஒருவர் என்று கொள்ளுங்கள். குருதி குறைந்த தாய்க்குப் பேற்றின்போது சிறிது இரத்தப் போக்கு ஏற்பட்டாலும் உயிர்க்கே இடராய் முடியும். ஆதலின் முதற் காப்பு இதுவே.

கருவுற்றது தெரிந்தவுடன், கூடுமாயின் கருவுறுமுன்னரே, போலிக் அமில மாத்திரையைத் தொடங்குதல் நன்று. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதல் மாதத்திலேயே உருப்பெறுகின்றன. நான்காம் மாதம் முதல் இரும்புச் சத்து மாத்திரை நாளுக்கொன்றாக 180 நாள். பிள்ளை பெற்றபின் மேலும் 180 நாள். அரசு நிலையங்களில் இவற்றை விலையின்றித் தருகின்றனர். உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். காப்பி, தேநீரோடு விழுங்கினால் சத்து உடலிற் சேராது; எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்கு சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறொரு வேளையில் உண்ண வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அஃது இயல்பே.

உணவைப் பற்றி ஒரு சொல். சத்து மாவு டப்பா ஒன்றிற்குக் கொடுக்கும் பணத்தில் பல நாளைக்கு முட்டையும், நிலக்கடலை உருண்டையும், பருப்பும், முருங்கைக் கீரையும் வாங்கலாம். நாம் வாழும் இக்கன்னட நாடு கேழ்வரகின் நாடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. களியும் கூழும் நமக்குப் புதியன அல்லவே! பட்டணத்துக்கு வந்தபின் அவற்றை ஏழைமையின் அடையாளமாக எண்ணி ஒதுக்கியதுதான் புதிது.

இரண்டாவது காப்பு, பதிவு. மூன்று மாதம் முடியுமுன்னரே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திற் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். இங்கு 'தாயி கார்டு' என்று ஓர் அட்டை தருவார்கள். கன்னடத்தில் 'தாயி' என்றால் நம் 'தாய்'தான். சோதனைகள், தடுப்பூசி, எடை, இரத்த அழுத்தம் யாவும் அதிற் குறிக்கப்படும். பேறு வரை குறைந்தது நான்கு முறை சோதனை வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு நிலையங்களில் கருவுற்றோரைக் கட்டணமின்றிச் சோதிக்கும் திட்டம் 2016 முதல் நடைபெறுகின்றது. அரசு மருத்துவமனையிற் பிள்ளைப்பேறும், தேவைப்படின் அறுவையும், மருந்தும், உணவும், குருதியும் கட்டணமின்றி அளிக்க வேண்டுமென 2011 முதல் மைய அரசின் திட்டம் உண்டு. முதற் பிள்ளைக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வேண்டிய தகுதிகளை அங்கன்வாடியிலும் ஆஷா ஊழியரிடத்தும் கேட்டறிக.

மொழி தெரியாதென்று தயங்குவோர் உளர். 'நோவு' என்னும் சொல் கன்னடத்திலும் நோவுதான். தலைநோவு அங்கே 'தலெ நோவு'. 'ரக்த' என்றால் குருதி. 'ஜ்வர' என்றால் காய்ச்சல். இந்நான்கு சொற்களோடு செவிலியரிடம் செல்லத் தொடங்கலாம்.

தொழிற்சாலையிற் பணி புரியும் சகோதரிகள் ஒன்றை அறிதல் வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 80 நாளேனும் வேலை செய்தவர்க்கு, முதல் இரு பிள்ளைகளுக்கும் 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உரிமை உண்டு. 1961-இல் வந்த சட்டத்தை 2017-இல் திருத்தி இவ்வாறு நீட்டினர். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்திற் குழந்தைக் காப்பகமும், நாளுக்கு நான்கு முறை பிள்ளையைச் சென்று பார்க்கும் வாய்ப்பும் வேண்டும். கருவுற்றதை மறைத்து வேலையை விட்டு நின்றுவிடுவது, கையிலுள்ள உரிமையைத் தெருவில் எறிவதாகும்.

இனி, என் துறை சார்ந்த ஒரு செய்தி. வளைகாப்பு முடிந்து ஊருக்குப் புறப்படும் பெண்கள், நெரிசல் மிகுந்த முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே செல்வதைப் பன்முறை கண்டிருக்கின்றேன். கருவுற்ற பெண்டிர்க்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இரயில்வேயில் உண்டு. மருத்துவர் சான்றுடன் பதிவகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கடைசி மாதம் வரை காத்திராமல், மருத்துவரைக் கலந்துகொண்டு முன்னதாகவே புறப்படுங்கள். தாயி கார்டும் சோதனைச் சீட்டுகளும் பெட்டியின் அடியில் அன்று, கைப்பையில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிற் பிள்ளைப்பேறு என்றால், அங்கே 'பிக்மி' என்னும் பதிவெண் பெறுவதும் இன்றியமையாதது. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதனைக் கேட்பார்கள். எங்கே பிறந்தாலும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்தபின் செய்ய வேண்டியன யாவை? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டுக. மஞ்சள் நிறமான சீம்பால் கெட்ட பால் என்று கறந்து கொட்டுவது பெரும் பிழை. அதுவே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வெயிற் காலத்திலும் தண்ணீர் வேண்டா. சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரும் தேனும் நாவில் தடவுவது நம் வழக்கம். பெரியோர்கள் சினவாதீர்கள்! ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகவும் கூடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், கொப்பூழில் மஞ்சளும் சாம்பலும் வைத்தல், அடைத்த அறையிற் சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகியவற்றையும் விட்டுவிடுவோம். பாட்டியின் பூண்டுக் குழம்பும், கீரையும், எண்ணெய் தேய்த்துவிடும் அன்புக் கையும் இருக்கட்டும். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரையும் சோற்றையும் குறைக்காதீர்கள். பால் ஊட்டுபவளுக்கு இரண்டுமே கூடுதலாக வேண்டும்.

இப்போது கடைக்கு வருவோம். 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் ரோட்டரிச் சங்கத்தில் ஓர் உரையாற்றினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தகாத டப்பாப் பாலை விளம்பரம் செய்து விற்பதனால் குழந்தைகள் மடிகின்றன என்று அஞ்சாது கூறினார். உலகம் செவிசாய்க்க நெடுநாளாயிற்று. 1981-இல் உலக சுகாதார மன்றம் அத்தகைய விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992-இல் நம் நாடு சட்டமே இயற்றியது. அதன்படி பால்மாற்று மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. தாய்மார்க்கு இலவச மாதிரி தருதலும் கூடாது. யாரேனும் டப்பாவை அன்பளிப்பாக நீட்டினால், அன்பு எங்கே முடிந்து வாணிகம் எங்கே தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவக் காரணத்தால் மாவுப்பால் தேவைப்படும் தாயும் உண்டு, அவளை இகழாதீர்கள். அவள் மருத்துவர் சொன்ன அளவில், கொதித்த நீரிற் கலந்து, தூய கிண்ணத்தால் ஊட்டட்டும்.

வேலைக்குத் திரும்பும் தாய், பாலைக் கறந்து மூடி வைத்தால், இப்பெங்களூர்த் தட்பவெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாதிருக்கும். புட்டிக்குப் பதிலாக நம் பழைய சங்கும் பாலாடையும் கழுவ எளியவை. முகப்பவுடரும், ஈயம் கலந்த கண் மையும் குழந்தைக்கு வேண்டா. உட்காரவைத்து உருட்டும் 'வாக்கர்' வண்டியைக் கனடா நாடு 2004-இல் தடை செய்தது. அது குழந்தையை விரைந்து நடக்கச் செய்வதில்லை, விழச் செய்வதே உண்டு. நின்று தள்ளும் நம் மர நடைவண்டி, காலூன்றிய பிள்ளைக்குப் போதும். வாங்க வேண்டியன சில பருத்தித் துணிகள், ஒரு போர்வை, ஒரு கொசுவலை, சோப்புக்கட்டி, வெப்பமானி. இவ்வளவே.

இறுதியாக, காலந்தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்: இரத்தப் போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல். பேற்றுக்குப் பின் காய்ச்சலும், மிகுந்த உதிரப் போக்கும், துர்நாற்றமும். இவற்றுள் ஒன்று தோன்றினும் கைவைத்தியம் பாராமல் 108-ஐ அழையுங்கள். மற்றொன்றும் உண்டு. பிள்ளை பெற்ற தாய் இரு வாரங்களுக்கு மேலும் அழுதவண்ணமே இருந்தால், அது செருக்குமன்று, பேய்க்குற்றமுமன்று. மருத்துவத்தால் தீரும் நோய். 14416 என்னும் எண்ணிற் பேசினால் மனநல ஆலோசனை கிடைக்கும்.

கணவன்மார்களே! இவ்வளவையும் உங்களை நோக்கியே சொன்னேன். சோதனை நாளில் ஒரு பகல் விடுப்பெடுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். வீட்டில் புகை பிடிக்காதீர்கள். இரவில் எழுந்து துணியை மாற்றுவதால் ஆண்மை குன்றிவிடாது.

சங்கப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், பட்டிமன்றம் நடத்துகின்றோம். இவ்வாண்டு முதல் ஓர் ஏடும் வைப்போம். நம் வட்டாரத்திற் கருவுற்றிருக்கும் பெண்கள், அவர்களோடு மருத்துவமனை செல்லக்கூடிய கன்னடம் அறிந்த தாய்மார், நள்ளிரவில் வண்டி தரக்கூடியவர், குருதி தரக்கூடிய இளைஞரின் பிரிவு ஆகியன, உடையவர் ஒப்புதலோடு, அவ்வேட்டில் இருக்கட்டும். பொறுப்பை மகளிரணி ஏற்கட்டும். எழுதும் வேலையை நான் ஏற்கின்றேன். தாய்வீடு இல்லாத ஊரில் இச்சங்கம் ஒரு பெண்ணுக்கேனும் தாய்வீடானால், அதனினும் பெரிய தமிழ்த்தொண்டு நான் அறியேன்.