காயும் பழமும்

 

பிள்ளைகளுக்கு வாழக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடமா, வீடா, தெருவா என்பது கேள்வி. தெருவுக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, "என் மகன் வீட்டை விட்டு வெளியவே போகமாட்டான்"னு பெருமையாச் சொன்னாங்க. எப்படியம்மா போவான்? செல்போன் சார்ஜர் வயரோட நீளம் ரெண்டு முழம்தானே! (சிரிப்பு)

தெருவுல ஆடினா பிள்ளை கெட்டுப்போகுமாம். பட்டினப்பாலையிலே ஒரு காட்சி. காயவைத்த நெல்லைக் கொத்த வந்த கோழி மேல ஒரு பெண் காதுத் தோட்டைக் கழற்றி எறிகிறாள். அந்தத் தோடு போய், சிறுவர்கள் உருட்டி விளையாடும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. எல்லாரும் தங்கத்தைப் பார்ப்பாங்க. நான் தேரைப் பார்க்கிறேன். ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயும் தமிழ்நாட்டுப் பிள்ளை வாசல்லதான்யா இருந்திருக்கான்! (கைதட்டல்)

நான் சோழவந்தான்காரன். மதுரைக்குப் பக்கத்துல, வைகைக் கரையில ஒரு சின்ன ஊர். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர் போனது. 1980-ல் எனக்குப் பத்து வயசு. கோடையில ஆத்துல தண்ணி இருக்காது. பெரியவங்களுக்குக் கவலை, எங்களுக்குக் கொண்டாட்டம். மணல் பூரா எங்க மைதானம்.

அங்கே கில்லி ஆடுவோம். குழி மேல புள்ளை வச்சுத் தட்டி எழுப்பி அடிக்கணும். விழுந்த இடத்திலிருந்து குழி வரைக்கும் கம்பால அளக்கணும். அளக்கிறது நான். கம்பை எடுத்து வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் பின்னால இழுத்து வச்சுக்குவேன். பத்துக் கம்பு தூரம் பன்னிரண்டாயிடும். என் தம்பி பார்த்துட்டான். "அழுகுணி! அழுகுணி!"ன்னு கத்தினான். சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டுட்டான்.

அதைத் தீர்த்து வைக்க எங்களுக்கு நடுவர் கிடையாது ஐயா. அதனாலதான் சீக்கிரம் தீர்ந்துச்சு! (சிரிப்பு. நடுவரும் சிரிக்கிறார்.)

எப்படித் தீர்ந்துச்சு? மொத்தமே நாங்க ஆறு பேர். ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போனா அணி சேராது. மறுநாள் ஆட்டம் வேணும்னா, காய் விட்டவன் பழம் விட்டாகணும். ரெண்டு விரலைச் சேர்த்து நீட்டினா பழம். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு விரல், அவ்வளவுதான். இன்னைக்கு என் பேரன் செல்போன்ல ஆடுறான். சண்டை வந்தா அடுத்தவனை பிளாக் பண்ணிடுறான். அஞ்சு நிமிஷத்துல வேற ஆள் கிடைக்கிறான். சமாதானம் பண்ணவேண்டிய அவசியமே அந்தப் பிள்ளைக்கு வரலையே!

ஐயா, மேடை மேடையா நான் குடும்ப ஒற்றுமை பேசுறவன். என் வீட்டுக் கதையையும் சொல்லிடுறேன். 2003-ல் எங்க அப்பா காலமானார். இருந்தது ஒரு தென்னந்தோப்பு. எங்கே வரப்பு போடுறதுன்னு எனக்கும் தம்பிக்கும் தகராறு. சர்வேயர் வந்தார், வக்கீல் வந்தார், பேச்சு நின்னுபோச்சு. ஏழு வருஷம். ஒரே ஊர்க் கல்யாணத்துல ஆளுக்கொரு பந்தியில சாப்பிட்டோம். அம்மா எவ்வளவோ அழுது பார்த்தாங்க. நான் கேட்கலை.

2010-ல் அம்மா போயிட்டாங்க. தாய்க்கு இளைய மகன். அவன்தான் கொள்ளி வச்சான். காரியம் முடிஞ்சு அதே வைகை மணல்ல நிக்கிறோம். மொட்டைத் தலையோட எதிர்ல வந்தான். வாய் பேசலை. ரெண்டு விரலைச் சேர்த்து நீட்டினான்.

(அரங்கில் அமைதி)

நான் முனைவர் பட்டம் வாங்கினவன். எனக்கு அது தோணலையே! அவனுக்குத்தான் தோணுச்சு. அப்புறம் மெல்லச் சொன்னான்: "தோப்பை நீயே அளண்ணே. ஆனா அழுகுணி ஆடாதே." (நீண்ட கைதட்டல்)

முட்டி சிராய்க்கும், சட்டை கிழியும். எதிரணி சொன்னது உண்மைதான். சட்டையைத் தைச்சுக்கலாம் ஐயா. பழம் விடத் தெரியாம வளர்ந்த பிள்ளையை எந்தத் தையற்காரர் தைப்பார்? அந்தப் பாடத்தைத் தெருவில் படித்தவன் என் தம்பி. அதில் தோற்றவன் நான். தோற்றவன் சொல்லும் சாட்சியை ஏற்று, தெருவுக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.