வலிக்கும் முன்னே மாத்திரை

கெடா தோட்டங்களில் காலமெல்லாம் பால்மரம் சீவிய நம் தாய்மார்கள் பலருக்கு இன்று முட்டிவலிதான் பெருந்தொல்லை. முட்டி மாற்று அறுவை என்றாலே, பிறகு வரும் வலியை எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள்.

இப்போது அதற்கு வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபடியே தொடை நரம்பின் அருகே மருந்தைச் செலுத்துகிறார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. வெளிநாடுகளில் உடல்நிலை இடங்கொடுப்பவர்கள் அன்றே வீடு திரும்பவும் இது துணைசெய்கிறது.

கவனிக்க வேண்டியது, வீடு வந்த பிறகுதான். ஓர் ஊசியின் பலன் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம். காலையில் போட்டது நள்ளிரவிலேயே தீரலாம். வலி திடீரென்று கிளம்பும். ஆகவே, கால் மரத்திருக்கும்போதே மருத்துவர் சொன்ன நேரத்தில் மாத்திரையைச் சாப்பிட்டுவிடுங்கள். ‘வலிக்கவில்லையே’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

தசையும் தளர்ந்திருக்கலாம், இரவில் கழிவறைக்குத் தனியே எழுந்து போகாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். மரத்த தோல் சுட்டாலும் தெரியாது.

அலோர் ஸ்டாரோ, சுங்கை பட்டாணியோ, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: இந்த ஊசி எனக்கு ஒத்துவருமா? எப்போது தீரும்? இரவில் யாரை அழைப்பது?

அம்மா, பல்லைக் கடித்துப் பொறுத்தது போதும். வலி அடங்கினால்தான் முட்டியை மடக்கி நடக்கப் பழக முடியும்.